குழந்தைகள் நிகழ்ச்சிக்கு வரும் பிரபலங்கள்: "இது சரியா?" என்று முறையாகப் பேசுவது எப்படி

நான் நியூ ஜெர்சியில் ப்ரீஸ்கூல் ஆசிரியை. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள்தான் என் வகுப்பு. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, எங்கள் ஊர் நூலகத்தில் தமிழ்ப் பெற்றோர் சிலர் கூடி, பிள்ளைகள் பார்க்கும் நிகழ்ச்சிகளைப் பற்றிப் பேசுவோம். தூக்கம், சாப்பாடு, ஐபேட் என்று எதைப் பேசினாலும் அமைதியாகப் போகும் கூட்டம் அது. ஆனால் "இந்த மாதிரிப் பாடகியை எல்லாம் குழந்தைகள் நிகழ்ச்சியில் எப்படி விட்டார்கள்?" என்று யாராவது கேட்டுவிட்டால் சூடேறிவிடும். உடையில் தொடங்கும், கலாச்சாரத்துக்குத் தாவும், "உங்க வீட்டுல எப்படியோ, எங்க வீட்டுல..." என்ற இடத்தில் வந்து நிற்கும். அதற்கப்புறம் நிகழ்ச்சியைப் பற்றி ஒருவரும் பேசமாட்டார்கள்.

இந்தப் பேச்சே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூன்று வயதுப் பிள்ளையின் முன்னால் யார் வந்து நிற்கிறார்கள், என்ன பாடுகிறார்கள் என்று பெரியவர்கள் கவலைப்படத்தான் வேண்டும். அந்தக் கவலையைப் பேசுவதற்கு ஒரு முறை வேண்டும், அவ்வளவுதான். நான் கடைப்பிடிக்கும் முறையை இங்கே எழுதுகிறேன். வீட்டில் இருவர் பேசவும், பெற்றோர் கூட்டத்தில் பேசவும், பள்ளி மாணவர்களுக்கு விவாதப் பயிற்சி கொடுக்கவும் இது உதவும். உதாரணங்கள் பெரும்பாலும் செசமி ஸ்ட்ரீட்டிலிருந்து வருகின்றன. 1969 நவம்பரில் தொடங்கிய நாள் முதல், பிரபலங்களை வரவழைப்பதை வழக்கமாகவே வைத்திருக்கும், பொம்மைகளும் மனிதர்களும் சேர்ந்து வரும் அமெரிக்கக் குழந்தைகள் டிவி நிகழ்ச்சி அது.

முழுதாகப் பார்க்காதவர் முதலில் பேசக்கூடாது

இதை நான் கறாராகச் சொல்லிவிடுவேன். இந்த விஷயத்தில் வரும் கோபத்தில் பெரும்பகுதி ஒரு புகைப்படத்திலிருந்தோ, யாரோ அனுப்பிய செய்தித் தலைப்பிலிருந்தோ வருவது.

2020-ல் நடிகர் பில்லி போர்ட்டர் செசமி ஸ்ட்ரீட் படப்பிடிப்புக்கு வந்தார். மேலே கோட், கீழே விரிந்த கருப்புப் பாவாடை என்று தைத்த உடை. அதற்கு முந்தைய ஆண்டு ஆஸ்கர் விழாவுக்கு அவர் அணிந்துவந்த அதே உடைதான். படப்பிடிப்புப் படங்கள் வெளியானதுமே எதிர்ப்பு கிளம்பியது. அர்கன்சா மாநிலத்தின் செனட்டர் ஒருவர், பொதுத் தொலைக்காட்சிக்கு மாநிலம் தரும் பணத்தை நிறுத்துவதைப் பற்றியே பேசினார். போர்ட்டர் அந்தப் பகுதியில் என்ன சொல்கிறார், பொம்மைகளோடு என்ன செய்கிறார் என்று அப்போது வெளியில் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அது இன்னும் ஒளிபரப்பாகவே இல்லை.

ஆகவே கூட்டத்தில் முதல் வேலை, எல்லோரும் சேர்ந்து அந்தப் பகுதியைப் பார்ப்பது. இரண்டு முறை பாருங்கள். முதல் முறை வழக்கம்போல. இரண்டாவது முறை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பேச்சும் பாட்டும் இல்லாதபோது, மொழி முழுதாகப் பிடிபடாத ஒரு சின்னப் பிள்ளை எதைப் பார்க்கும் என்பது ஓரளவு தெரியும். பாடல் வரிகள்தான் பிரச்சினை என்றால் திரையைத் திருப்பி வைத்துவிட்டுக் கேளுங்கள்.

எந்த வயதுப் பிள்ளை என்பதைப் பலகையில் எழுதுங்கள்

"குழந்தைகள்" என்று பொதுவாகப் பேசினால் ஒருவர் மனதில் மூன்று வயதும் இன்னொருவர் மனதில் பன்னிரண்டு வயதும் இருக்கும். இருவரும் ஒரே விஷயத்தைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு மணிக்கணக்கில் மோதுவார்கள். செசமி ஸ்ட்ரீட் பள்ளிக்குப் போகும் முன்னுள்ள பிள்ளைகளுக்கானது. அந்த வயதைப் பலகையில் பெரிதாக எழுதி வைத்துவிட்டுப் பேசத் தொடங்குங்கள்.

வயது ஏன் முக்கியம் என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் ஆய்வு ஒன்று உண்டு. ரீட்டா டிவ்ரீஸ் என்ற உளவியல் அறிஞர் 1969-ல் வெளியிட்டது. மேனார்ட் என்ற சாதுவான பூனையைப் பிள்ளைகளுக்குக் காட்டி, தடவிப் பார்க்க விட்டார். பிறகு அதன் முகத்தில் ஒரு நாயின் முகமூடியை மாட்டினார். மூன்று வயதுப் பிள்ளைகளில் பலர் அது நாயாகவே மாறிவிட்டது என்று நம்பினார்கள், சிலர் கிட்டே வர மறுத்தார்கள். ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு முகமூடிக்குள் இருப்பது அதே பூனைதான் என்பது தெரிந்திருந்தது. நடுவில் மூன்றே வருடம்தான். வேஷம் போட்டு வரும் விருந்தினர் ஒருவரைப் பற்றிப் பேசும்போது இந்த மூன்று வருடத்தை மறந்தால் பேச்சு முழுவதும் தடம் மாறிவிடும்.

விருந்தினர் யாருக்காக வந்திருக்கிறார்?

செசமி ஸ்ட்ரீட்டை உருவாக்கியவர்கள் பிரபலங்களை அழைத்ததற்கு ஒரு காரணம் பெற்றோர். அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் பிள்ளை அதிகம் கற்றுக்கொள்ளும். அவர்களை உட்கார வைக்க அவர்களுக்குத் தெரிந்த முகம் ஒன்று வேண்டும். நல்ல யோசனை. சண்டைகள் தொடங்குவதும் அங்கேதான். அந்தப் பாடகி வெளியே எப்படிப்பட்ட பாட்டுப் பாடுகிறார், யாரைக் காதலித்தார் என்பதெல்லாம் பெரியவர்களுக்குத் தெரியும். பிள்ளைக்கு அவர் பாட்டுப் பாடும் ஒரு அக்கா மட்டும்தான்.

விருந்தினர் பிள்ளைக்காகவே வந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு ஆரம்ப நாளிலேயே உதாரணம் இருக்கிறது. 1969-ல் நடிகர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் வந்து, கேமராவை நேராகப் பார்த்து ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். பாட்டும் இல்லை, பொம்மையும் இல்லை. எழுத்து திரையில் தோன்றும், அவர் சற்று நிறுத்திவிட்டு அதைச் சொல்வார். முதல் தடவை பார்த்த பிள்ளைகள் அவர் சொன்ன பிறகு சொன்னார்கள். திரும்பத் திரும்பப் பார்த்தபோது எழுத்து தோன்றியதுமே சொன்னார்கள். பிறகு எழுத்து வருவதற்கு முன்பே சொல்லிவிட்டார்கள். அந்தக் கனத்த குரலும் மொட்டைத் தலையும் பிள்ளைகளைப் பயமுறுத்துமோ என்று அந்தக் காட்சியைப் பார்க்கும் பெரியவர்களுக்குத் தோன்றலாம். பிள்ளைகள் எழுத்துக்காகக் காத்திருந்தார்கள்.

இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: அவருடைய புதுப் படமோ ஆல்பமோ அந்தச் சமயத்தில் வெளிவருகிறதா? வருகிறது என்பதாலேயே தவறு என்று சொல்லிவிட முடியாது. அந்தப் பகுதியை எடுத்துவிட்டால் பிள்ளைக்கு எதாவது குறையுமா, அல்லது விளம்பரத்துக்கு மட்டும்தான் குறையுமா என்று பாருங்கள். 2008-ல் ஃபைஸ்ட் என்ற கனடியப் பாடகி தன் பிரபலமான பாட்டை நான்கு வரை எண்ணும் பாட்டாக மாற்றிப் பாடினார். என் வகுப்புப் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு நான்கு ஆப்பிள் துண்டை அடுக்கிவைத்துப் பாடுவார்கள். அங்கே பிள்ளைக்குக் கிடைத்தது என்ன என்பதில் சந்தேகமே இல்லை.

புகாரைப் பகுதி பகுதியாகப் பிரியுங்கள்: கேட்டி பெரி

இந்த வகை விவாதத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கு இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். 2010 செப்டம்பரில், செசமி ஸ்ட்ரீட்டின் 41-வது சீசன் தொடங்கும் சமயம். பாடகி கேட்டி பெரி, எல்மோ என்ற சிவப்புப் பொம்மையுடன் பாடிய வீடியோ யூடியூபில் வந்தது. அவருடைய 2008-ம் ஆண்டுப் பாட்டு ஒன்றை எதிர்ச்சொற்கள் கற்றுத்தரும் பாட்டாக மாற்றியிருந்தார்கள். கேட்டிக்கு எல்மோவோடு அலங்கார விளையாட்டு விளையாட ஆசை. எல்மோ ஓடிக்கொண்டே இருக்கும், இவர் துரத்துவார். தலையில் மணப்பெண் போல முக்காடு, மேலே மார்பை ஒட்டிய, கழுத்து தாழ்ந்த உடை. உடைக்கு மேல் கழுத்து வரை தோல் நிறத்தில் வலைத்துணி உண்டு, ஆனால் திரையில் அது எளிதில் தெரியாது. பெற்றோர் பலர் எதிர்த்து எழுதினார்கள். சில நாட்களிலேயே, தொலைக்காட்சியில் இதை ஒளிபரப்பப்போவதில்லை என்று தயாரிப்பாளர்கள் அறிவித்தார்கள். அந்த வாரமே சாட்டர்டே நைட் லைவ் நிகழ்ச்சியில் கேட்டி பெரி எல்மோ படம் போட்ட, கழுத்து தாழ்ந்த பனியனோடு வந்து நின்றார். பெரியவர்களுக்கான நிகழ்ச்சி அது. அங்கே அது வெறும் நகைச்சுவை.

இந்த வழக்கை எங்கள் கூட்டத்தில் எடுத்தபோது நான் பலகையில் ஐந்து பிரிவு போட்டேன்: பாட்டு, உடை, உடலசைவு, பொம்மையோடு நடந்துகொண்ட விதம், வெளியே அவருக்கு இருக்கும் பெயர். ஒவ்வொருவரும் தன் புகார் எந்தப் பிரிவில் வருகிறது என்று சொல்ல வேண்டும். சொல்லத் தொடங்கியதும் பல புகார்கள் ஐந்தாவது பிரிவில் போய் விழுந்தன. "அவ பாடுற மத்தப் பாட்டெல்லாம் தெரியுமா உங்களுக்கு?" என்பது அந்த வீடியோவைப் பற்றிய புகார் அல்ல. பிள்ளை பார்க்கப்போவது இந்த ஒரு பாட்டைத்தான்.

பாட்டு என்ற பிரிவில் ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. உண்மையில் அங்கேதான் தயாரிப்பாளர்கள் மிகக் கவனமாக வேலை செய்திருந்தார்கள். மூலப் பாட்டில் கெட்ட வார்த்தை உண்டு, காதலனைத் திட்டும் வரிகள் உண்டு. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மேலே கீழே, உள்ளே வெளியே என்று மாற்றியிருந்தார்கள். பாட்டைச் சுத்தம் செய்தவர்கள் உடையை ஏன் பார்க்கவில்லை என்ற கேள்வி நியாயமானது.

அன்றைக்குப் பேத்தியைப் பார்க்க மதுரையிலிருந்து வந்திருந்த ஒரு அப்பத்தாவும் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். கேட்டி பெரி யாரென்று அவருக்குத் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. எல்லோரும் கழுத்தைப் பற்றிப் பேசி முடித்தபிறகு அவர் கேட்டார்: "அந்தச் செவப்புப் பொம்மை ஏம்ப்பா ஓடிக்கிட்டே இருக்கு? அதுக்கு வெளாடப் புடிக்கலன்னா விட்டுற வேண்டியதுதான?"

நான்காவது பிரிவு அதுவரை காலியாகவே இருந்தது. என் வகுப்பில் தினமும் நடக்கும் விஷயம் அது: ஒருத்தி விளையாடக் கூப்பிடுவாள், இன்னொருவன் மாட்டேன் என்று ஓடுவான். அவள் துரத்தலாமா, அல்லது அவன் மாட்டேன் என்றதை ஏற்றுக்கொள்ள வேண்டுமா? மூன்று வயதுக்கு அந்த வீடியோவில் இருக்கும் பெரிய கேள்வி இதுதான் என்று நான் நினைக்கிறேன். அது விளையாட்டாகவே வருகிறது, பெரிய தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் நாடே ஒரு துணியின் அளவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, பிள்ளைக்குத் தெரியும் காட்சியை யாரும் பார்க்கவில்லை.

என் தனிப்பட்ட தீர்ப்பைக் கேட்டால்: அந்த உடை அந்த நிகழ்ச்சிக்குப் பொருந்தவில்லை, படப்பிடிப்பு நாளிலேயே ஒரு மேல்சட்டையைக் கொடுத்திருக்க வேண்டும். அதே சமயம் அதைப் பார்த்து ஒரு நான்கு வயதுப் பிள்ளை கெட்டுப்போயிருக்கும் என்று நான் நம்பவில்லை. தயாரிப்பாளர்கள் விலக்கிக்கொண்டது பெற்றோரின் நம்பிக்கையைக் காப்பாற்ற. அதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு. இந்த மூன்றையும் ஒருவர் ஒரே நேரத்தில் சொல்லலாம் என்பதே கூட்டத்தில் பலருக்குப் புதிதாக இருந்தது. விவாதத்தில் இதற்கு இடம் விடுங்கள்.

அனுமதிக்கலாமா என்பதோடு நிறுத்தாமல், எப்படி வந்தார் என்று கேளுங்கள்

இதற்கு மார்கரெட் ஹாமில்டனை விட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. 1939-ல் வந்த 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்தில் பச்சை முகச் சூனியக்காரியாக நடித்தவர். அமெரிக்காவில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை நடுங்கவைத்த முகம். நடிக்க வருவதற்கு முன் அவர் கிண்டர்கார்டன் ஆசிரியை என்பது பலருக்குத் தெரியாது.

1976 பிப்ரவரியில் அவர் அதே வேஷத்தில், பச்சை முகத்தோடு செசமி ஸ்ட்ரீட்டுக்கு வந்தார். கதைப்படி அவருடைய துடைப்பம் தெருவில் விழுந்துவிடுகிறது. அந்தத் தெருவில் வசிக்கும் டேவிட் அதை எடுத்துவைத்துக்கொண்டு, மரியாதையாகக் கேட்டால்தான் தருவேன் என்கிறார். சூனியக்காரி மிரட்டுகிறாள், பிக் பேர்ட் என்ற பெரிய பறவைப் பொம்மையை இறகுத் துடைப்பமாக மாற்றிவிடுவேன் என்கிறாள். பயத்தைச் சமாளிக்கவும், எதையும் மரியாதையாகக் கேட்கவும் கற்றுக்கொடுக்கும் கதை. எண்ணம் நல்லதுதான். ஆனால் பிள்ளைகள் பயந்து அழுததாகப் பெற்றோர்கள் கடிதம் எழுதினார்கள். அந்த எபிசோட் மறுபடி ஒளிபரப்பாகவே இல்லை. 2022-ல் இணையத்தில் வெளிவரும் வரை பலர் அதைக் கேள்விப்பட்டதோடு சரி.

இப்போது அதற்கு முந்தைய ஆண்டுக்கு வாருங்கள். 1975-ல் இதே மார்கரெட் ஹாமில்டன், ஃப்ரெட் ராஜர்ஸ் நடத்திய 'மிஸ்டர் ராஜர்ஸ் நெய்பர்ஹுட்' என்ற குழந்தைகள் நிகழ்ச்சிக்கு விருந்தினராகப் போனார். சாதாரண உடையில், சிரித்த முகத்தோடு ஒரு பாட்டியாகப் போனார். உட்கார்ந்து பேசினார். அது நடிப்புதான் என்று சொன்னார். அந்தச் சூனியக்காரிக்கு நினைத்தது ஒன்றுமே கிடைத்ததில்லை, பாவம், என்று அவள் பக்கத்தையும் சொன்னார். பிறகு சூனியக்காரியின் உடைகளை ஒவ்வொன்றாக, பிள்ளைகள் பார்க்கப் பார்க்க அணிந்துகொண்டார். கருப்புப் பாவாடை, மேல்சட்டை, கடைசியில் கூர்த்தொப்பி. அதன் பிறகுதான் அந்தப் பிரபலமான சிரிப்பைச் சிரித்துக் காட்டினார்.

ஆள் ஒன்று, வேஷம் ஒன்று, சிரிப்பும் ஒன்று. ஒரு நிகழ்ச்சியில் பிள்ளைகள் அழுதார்கள், இன்னொன்று இன்றுவரை எடுத்துக்காட்டாகப் பேசப்படுகிறது. மேனார்ட் பூனையை நினைத்துக்கொண்டால் காரணம் புரியும். ராஜர்ஸ் முகமூடி மாட்டுவதைப் பிள்ளையின் கண் முன்னால் செய்யவைத்தார். செசமி ஸ்ட்ரீட் முகமூடியோடு நேராகத் தெருவுக்குள் விட்டது.

நான் இரண்டாவது காட்சியை வகுப்பில் போட்டுக் காட்டியிருக்கிறேன். காட்டிய பிறகு ஒரு கருப்புத் தொப்பியையும் மேசைமேல் வைத்தேன். பிள்ளைகள் வரிசையில் நின்று அதை மாட்டிக்கொண்டு சிரித்துப் பார்த்தார்கள். எப்போதும் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு பையன், தொப்பியை மாட்டி, கழற்றி, "இப்ப நான் நான்தான்" என்று எல்லோருக்கும் அறிவித்துவிட்டுப் போய் உட்கார்ந்தான்.

அதனால் கூட்டத்தில் "இவரை விடலாமா?" என்று வாக்கெடுப்பு நடத்தாதீர்கள். நான்கு தீர்வை எழுதுங்கள்: அப்படியே போடலாம், ஒரு பகுதியை மாற்றிப் போடலாம், முன்னால் ஒரு விளக்கத்தோடு போடலாம், வேண்டாம். பெரும்பாலான சண்டைகள் இரண்டாவதிலோ மூன்றாவதிலோ முடிந்துவிடும்.

யாருக்குச் சங்கடம்?

இது கூச்சமான இடம், ஆனால் தவிர்க்கக்கூடாத இடம். "பிள்ளைகளுக்கு நல்லதல்ல" என்ற பெயரில் பெரியவர்கள் தங்கள் வெறுப்பைச் சொன்ன வரலாறு நீளமானது. 1970 மே மாதம், மிசிசிப்பி மாநிலத்தின் கல்வித் தொலைக்காட்சி ஆணையம் செசமி ஸ்ட்ரீட்டையே ஒளிபரப்ப வேண்டாம் என்று முடிவெடுத்தது. கருப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே தெருவில் ஒன்றாக வாழ்வதைக் காட்டுகிறது என்பதுதான் காரணம். எதிர்ப்பு வலுத்து, 22 நாளில் முடிவை மாற்றிக்கொண்டார்கள். இங்கிலாந்தில் 2009-ல், பிபிசியின் சிபீபிஸ் என்ற குழந்தைகள் சேனலில் செரி பர்னெல் என்ற தொகுப்பாளர் வந்தார். பிறவியிலேயே வலது முன்கை இல்லாதவர். பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று பெற்றோர் சிலர் புகார் எழுதினார்கள். பிள்ளைகளோ "உங்க கைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்கும் வயதுக்காரர்கள், பதில் கிடைத்ததும் அடுத்த விளையாட்டுக்குப் போய்விடுவார்கள். என் வகுப்பில் சக்கர நாற்காலியில் வந்த ஒரு அப்பாவிடம் அவர்கள் கேட்ட ஒரே கேள்வி, அதற்கு பிரேக் எங்கே இருக்கிறது என்பதுதான்.

1977-ல் பாடகி பஃபி செயின்ட் மேரி செசமி ஸ்ட்ரீட்டில் தன் கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுத்தார். பக்கத்தில் நின்ற பிக் பேர்ட் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டது. குழந்தைக்குப் பால் கொடுக்கிறேன், நிறைய அம்மாக்கள் இப்படித்தான் கொடுப்பார்கள் என்று அமைதியாகப் பதில் சொன்னார். இந்தக் காட்சியையும் கேட்டி பெரி காட்சியையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். எவ்வளவு தெரிந்தது என்ற அளவுகோல் எவ்வளவு பலவீனமானது என்பது எல்லோருக்கும் புரிந்துவிடும். கூட்டத்தில் ஒரு அப்பா, "தங்கச்சி, அது தாய்மை, இது வேற" என்றார். "அப்போ பிரச்சினை உடம்பு இல்ல, நோக்கம்னு சொல்றீங்களாண்ணா?" என்று ஒரு அம்மா கேட்டார். அன்றைக்குப் பேச்சு உருப்படியான திசையில் திரும்பியது அந்தக் கேள்வியால்தான்.

இதற்கு நான் வைத்திருக்கும் சோதனை, ஆளை மாற்றிப் பார்ப்பது. அதே பாட்டை, அதே உடையில், வேறு நிறத்தவர் பாடினால் எதிர்ப்பீர்களா? ஆண் பாடினால்? உங்களுக்குப் பிடித்த நடிகர் செய்தால்? பதில் மாறினால், எதிர்ப்பு நிகழ்ச்சியைப் பற்றியதல்ல. ஆனால் இந்தச் சோதனையை மற்றவர் மேல் ஏவாதீர்கள், ஒவ்வொருவரும் மனதுக்குள் செய்துகொள்ளட்டும். எதிர்க்கும் பெற்றோரை எல்லாம் பழமைவாதி என்று முத்திரை குத்துவதும் அதே அளவு அநியாயம். 1976-ல் கடிதம் எழுதியவர்கள் தங்கள் பிள்ளை அழுததைப் பார்த்து எழுதினார்கள். அதை ஒதுக்கித் தள்ள முடியாது.

சட்டம் இங்கே அதிகம் உதவாது. அமெரிக்காவில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை ஆபாசமான ஒளிபரப்புக்குத் தடை உண்டு. நான் மேலே சொன்ன எதுவும் அந்தத் தடையின் பக்கத்தில்கூட வராது. "இதெல்லாம் சட்டப்படி..." என்று யாராவது தொடங்கினால், மரியாதையோடு பேச்சைப் பிள்ளையிடம் திருப்புங்கள்.

பிள்ளையிடமிருந்து சாட்சி வாங்குவது

செசமி ஸ்ட்ரீட்டைத் தொடங்கியபோது எட்வர்ட் பால்மர் என்ற ஆய்வாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். டிவிக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னத் திரை. அதில் ஏழரை நொடிக்கு ஒருமுறை ஒரு புதுப் படம் மாறும். பிள்ளையின் கண் எந்த நொடியில் டிவியை விட்டு அந்தப் படத்துக்குப் போகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொண்டார்கள். கண் விலகிய இடமெல்லாம் பிள்ளைக்குப் பிடிக்காத இடம்.

வீட்டில் இதை எளிதாகச் செய்யலாம். தரையில் பிள்ளையின் வழக்கமான பொம்மைகளைப் பரப்பிவிட்டு அந்தப் பகுதியைப் போடுங்கள். நீங்கள் டிவியைப் பார்க்காதீர்கள், பிள்ளையைப் பாருங்கள். எங்கே எழுந்து ஆடியது, எங்கே உங்கள் மடிக்கு வந்தது, எங்கே பொம்மைக்குத் திரும்பியது என்று மூன்றை மட்டும் குறியுங்கள். 1973-ல் ஸ்டீவி வொண்டர் வந்து தன் பாட்டைப் பிள்ளைகளுக்கென்று மாற்றாமல், ஏறக்குறைய ஏழு நிமிடம், முழு இசைக்குழுவோடு பாடினார். மூடநம்பிக்கையைப் பற்றிய பாட்டு, பெரியவர்களுக்கானது. பாலர்களுக்கு ஏழு நிமிடம் என்பது யுகம். ஆனால் அந்தக் காட்சியிலேயே மாடிப்படியில் ஒரு பிள்ளை தலையை ஆட்டி ஆட்டி ஆடுவதைப் பாருங்கள். நான் போட்டுக் காட்டியபோதும் ஒரு பிள்ளைகூடப் பொம்மையைத் தொடவில்லை.

முடிந்ததும் கேள்வி கேளுங்கள், ஆனால் "பயமா இருந்துச்சா?", "அந்த டிரெஸ் நல்லா இல்லைல்ல?" என்று கேட்காதீர்கள். பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்து நீங்கள் விரும்பும் பதிலைத் தந்துவிடும். "என்ன ஆச்சு?", "அப்புறம்?", "அவங்க யாரு?" இவை போதும். மறுநாள் விளையாட்டில் அந்தக் காட்சி எப்படித் திரும்ப வருகிறது என்றும் கவனியுங்கள். வாயில் வராதது விளையாட்டில் வரும்.

கூட்டத்தை நடத்தும்போது

நம்மவர்களுக்கு விவாதம் என்றதும் பட்டிமன்றம்தான் நினைவுக்கு வரும். இரண்டு அணி, கைதட்டல், கடைசியில் நடுவர் தீர்ப்பு. எனக்குப் பட்டிமன்றம் உயிர், பொங்கலுக்கு அது இல்லாமல் என் வீட்டில் சோறு இறங்காது. ஆனால் இந்த விஷயத்துக்கு அது ஒத்துவராது. ஒரு அணியில் சேர்ந்துவிட்டால் பாதியில் மனம் மாற வழியில்லை. வட்டமாக உட்காருங்கள். முதல் சுற்றில் கருத்து கூடாது, பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும்: "எல்மோ ஓடியது", "அவர் கேமராவைப் பார்க்கவில்லை", "என் மகள் இந்த இடத்தில் சிரித்தாள்". இரண்டாவது சுற்றில் கருத்து. மூத்தவர்கள் முதலில் பேசினால் இளையவர்கள் எதிர்த்துப் பேசத் தயங்குவார்கள், அதனால் நான் இளைய பெற்றோரிடமிருந்து தொடங்குவேன். பெரியவர்கள் இதைத் தவறாக எடுத்துக்கொண்டதில்லை. அப்பா அம்மா மட்டுமல்ல, தாத்தா பாட்டிகளையும் கூப்பிடுங்கள். பகலில் பிள்ளையோடு டிவி பார்ப்பது பல வீடுகளில் அவர்கள்தான்.

முடிவில் எழுதவேண்டும் என்று தோன்றினால் எழுதுங்கள். நிகழ்ச்சியின் பெயர், பார்த்த தேதி, எந்தப் பகுதி, பிள்ளையின் வயது, பிள்ளை என்ன செய்தது, நான்கு தீர்வில் எதைக் கேட்கிறீர்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். விருந்தினரின் குணத்தைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். பிடித்த விருந்தினர் வந்தாலும் இதே படிவத்தில் எழுதுங்கள், புகார் எழுதுபவர்கள் மட்டும்தான் எழுதுகிறார்கள் என்ற நிலை தயாரிப்பாளர்களைக் கோழையாக்கிவிடும்.

முதல் கூட்டத்தைக் கேட்டி பெரியில் தொடங்காதீர்கள், எல்லோரும் முன்பே முடிவோடு வந்திருப்பார்கள். மார்கரெட் ஹாமில்டனின் இரண்டு காட்சிகளை எடுங்கள். ராஜர்ஸ் காட்சியை முதலில் போடுங்கள், செசமி ஸ்ட்ரீட் காட்சியைப் பிள்ளைகள் பக்கத்து அறையில் இருக்கும்போது போடுங்கள்.